மிஸ்டு காலை விழுங்கிய பெட்டி

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் போன் எடுப்பது செல்வலட்சுமியின் வேலை. கோவில்பட்டிக்காரி. உற்பத்தி லைனில் நிற்கும் தெற்கத்திப் பையன்கள் செல்போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் முதலில் இவள் காதுக்குத்தான் வரும். பெரும்பாலும் மிஸ்டு கால்தான். ஒரு ரிங் அடித்து நின்றால், நம்பரைப் பார்த்தே யார் வீடென்று சொல்லிவிடுவாள்.

2012இல் மேனேஜர் கோதண்டராமன் இன்டர்நெட் போன் வாங்கி மாட்டினார். லேண்ட்லைன் வயர் ஒரு பெட்டிக்குள் போனது. முதல் ரிங்கிலேயே பெட்டி தானே எடுத்து இங்கிலீஷில் பேசும். அது சொல்லும் நம்பரை அமுக்கினால்தான் செல்வலட்சுமியின் மேஜையில் மணி அடிக்கும். மிஸ்டு கால் கொடுத்தவர் அதற்குள் வைத்துவிடுவார். வைத்தது அந்த மண்டூகத்துக்குத் தெரியாது. யாரோ பேசுவதாக எண்ணி லைனைப் பிடித்துக்கொண்டே இருக்கும், சிவப்பு விளக்கும் அணையாது. இருந்ததோ ஒரே லைன்.

"லைன் மாட்டிக்கிது சார்" என்றாள்.

"அது அப்டித்தான் எரியும். வயர் மேல கைய வச்ச, வூட்டுக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார் கோதண்டராமன். வாங்கியவர் அவராயிற்றே.

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் மாசானத்தின் மனைவி தங்கமாரி தென்காசிப் பக்கம் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தாள். வலி கண்டதும் மிஸ்டு கால் கொடு, பஸ் ஏறிவிடுகிறேன் என்று மச்சினன் இசக்கிபாண்டியிடம் மாசானம் சொல்லி வைத்திருந்தான்.

அன்று காலை முதலே விளக்கு எரிந்தது. கோதண்டராமன் மறைமலை நகர் போயிருந்தார். டீ பிரேக்கில் மாசானம் வந்து நின்றான்.

"யக்கா, மிஸ்டு கால் வந்துச்சா?"

"இல்லப்பா."

சாப்பாட்டு நேரத்திலும் அதே கேள்வி. செல்வலட்சுமி சிவப்பு விளக்கைப் பார்த்தாள். வயரைப் பிடுங்கினால் லைன் சரியாகும், வேலை போய்விடும். இப்படியே யோசித்து யோசித்து ஒரு காலைப்பொழுதைப் பாழாக்கினாள், பாவி. அவன் முகம் வாடித் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் எழுந்து வயரைப் பிடுங்கினாள். மேஜைக்கடியில் கிடந்த பழைய போனில் செருகினாள். உடனே மணி அடித்தது.

"மேடம், இசக்கிபாண்டி பேசுதேன். காலம்பற வலி வந்ததும் அத்தான் சொன்ன மாதிரியே மிஸ்டு கால் குடுத்தேன். பொறவு எப்பப் போட்டாலும் எங்கேஜ். அத்தான்ட்ட ஒரு வார்த்த பேசணும்னு எங்கக்கா போனக் கையிலயே வச்சிருந்தா. பிள்ள இருக்கு மேடம். எங்கக்கா போயிட்டா."

மெஷின் இரைச்சலுக்குள் செல்வலட்சுமியே போனாள். மாசானத்தை வெளியே அழைத்து வந்து சொன்னாள். அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். பிறகு நிமிர்ந்தான்.

"காலையில மிஸ்டு கால் வரவே இல்லையாக்கா?"

வந்தது என்றால், லைனை அடைத்தது அவன் கொடுக்கச் சொன்ன அந்த மிஸ்டு கால்தான் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"வரல" என்றாள்.

"குடுக்கேன்னு சொன்னானே, பாவிப்பய" என்று மாசானம் மச்சினனைத் திட்டித் திட்டி அழுதான். செல்வலட்சுமி அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.