தானாக ஏறிய வயது

திருமழிசை தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பார்த்த கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஆபீஸில் டைப் செய்யும் அக்கா என் கல்யாண பயோடேட்டாவை அதில் அடித்துக் கொடுத்தார். வயதையும் சம்பளத்தையும் மட்டும் அடிக்கவில்லை. ஊழியர் விவரம் இருந்த கணக்குத் தாளிலிருந்து அவை தானாக வந்து உட்காரும்படி இணைத்துவிட்டார்.

“இனிமே அதுவே மாத்திக்கும்பா. நீ பொண்ண மட்டும் பாரு” என்றார்.

பெண் அமையவில்லை. வருஷத்துக்கு ஒரு புதுப் பிரதி எடுத்துக் கல்யாணத் தரகரிடம் கொடுத்தேன். அம்மாவோ எல்லோரிடமும் எனக்கு இருபத்தெட்டு என்றே சொல்லிவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளுக்காக வீட்டுக்கு வந்தார். அவர் காட்டிய போட்டோ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா வழக்கம்போல இருபத்தெட்டு என்றார். வந்தவர் தன் பையிலிருந்து, தரகர் போன வருஷம் கொடுத்த பிரதியை எடுத்து, நான் அன்று கொடுத்ததன் பக்கத்தில் வைத்தார். அதில் முப்பது, இதில் முப்பத்தொன்று.

“இன்னா நைனா இது?”

“ஆபீஸ் கம்ப்யூட்டர் போட்டதுங்க” என்றேன்.

“நானும் ரெண்டு வருஷமா மாப்ள தேடிகினு கீறேன். ஒருத்தனுக்கும் வயசு ஏறல. உனக்குதான் ஏறிகீது.” மறுபடி இரண்டையும் பார்த்தார். “சம்பளம் மட்டும் அப்டியே கீதே?”

“அதுவும் நிஜந்தாங்க.”

அவர் அம்மாவிடம் காபி கேட்டார். தை மாதம் கல்யாணம் நடந்தது.