முள் என்று நான் சொன்ன விரல்

வேடியப்பனை நான் முதன்முதலில் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு புளியமரம் கிடந்தது. அன்று காலை நாங்கள் அறுத்துத் தள்ளிய மரம். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகிற சாலையில், சின்னசேலத்துக்குக் கொஞ்சம் முன்னால். எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று சங்கம் அறிவித்திருந்தது. அன்று முதல் நாள்.

நைனார்பாளையத்திலிருந்து நாற்பது பேர் சைக்கிளில் வந்திருந்தோம். அப்பாவின் தம்பி அம்மாசி சித்தப்பாதான் எங்களுக்குப் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை மறிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னபடியே, பிரசவ வலி எடுத்து வந்த ஒரு பெண்ணை எங்கள் ஆட்களே கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, வரிசையாகக் கிடந்த மரங்களையெல்லாம் தாண்டிச் சின்னசேலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். போன நால்வரும் திரும்பிவந்து தோளைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் பிக்கப் வந்தது.

பழைய டீசல் பிக்கப். என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி வெளுத்திருந்தது. பின்னால் கல்வராயன் மலைக் கடுக்காய், மூட்டை மூட்டையாக. ஓட்டிவந்தவர் கவுஸ் பாஷா. கள்ளக்குறிச்சியில் கடுக்காயும் புளியும் வாங்கி விற்கிறவர். அவர் பக்கத்தில் வலது கையை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தவர்தான் வேடியப்பன். முப்பத்தைந்து வயது இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பாய் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இதுல எந்த மூட்டைக்குப்பா ஒடம்பு சரியில்ல?"

எல்லாரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. இது முந்தின நாள் மலையிலிருந்து இறங்கிய லோடு, இறக்கிவைக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் மறியலுக்குப் போய்விட்டார்கள் என்றார். இவர் மெக்கானிக், இந்த வண்டியில் டீசல் ஒழுகுவதைப் பார்க்கும்போது பிரஷர் பைப்பிலிருந்து டீசல் விரலுக்குள் ஏறிவிட்டது என்றார். சேலத்தில் ஒரு லாரி மெக்கானிக்குக்கு இப்படித்தான் ஆனது, அன்றைக்கே கீறிக் கழுவியதால் விரல் பிழைத்தது, நாள் தள்ளினால் கையே போய்விடுமாம். வண்டியை இங்கேயே விட்டுவிடுகிறோம், நடக்கிறோம், மரங்களுக்கு அந்தப் பக்கம் சேலம் போக ஏதாவது வழி செய்யுங்கள் என்று கேட்டார்.

சித்தப்பா துண்டை அவிழ்க்கச் சொன்னார். ஆள்காட்டி விரல் கொஞ்சம் உப்பி, வெளுத்திருந்தது. நுனியில் ஒரு புள்ளி. ரத்தம் இல்லை, கிழிசல் இல்லை. வலியில் துடித்த பெண்ணைத் தூக்கிப் போய்வந்த ஆட்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கும் குழப்பம். என்னைக் கூப்பிட்டார்.

"படிச்ச புள்ள, நீ பாத்து சொல்லுடா."

எங்கள் தெருவில் பிளஸ் டூ தேறியவன் நான் ஒருவன்தான். அதுவும் அறிவியல் பாடம். மார்க் இருந்தும் கல்லூரியில் இடம் கிடைக்காமல் வீட்டில் கிடந்தேன். அதனால்தான் அந்தச் சாலைக்கு வந்திருந்தேன். நாற்பது பேருக்கு முன்னால் என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. வேடியப்பனின் விரலைப் பிடித்து டாக்டர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"முள்ளு குத்துனதுண்ணே இது. டீசல்லாம் உள்ள போவாது. டிஞ்சர் வெச்சிக் கட்டுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பாய் என்னைப் பார்க்கவேயில்லை. வேடியப்பன் பக்கம் குனிந்து, இறங்கு, நடப்போம் என்றார். வேடியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி படிச்சவரு சொல்றாரு இல்ல. வண்டிய திருப்புங்க பாய்."

வண்டி திரும்பிப் போனது. சித்தப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேறு ஊர்களில் எங்கள் ஆட்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். எண்பத்தொன்பதில் தனி ஒதுக்கீடு வந்தது. அந்த வருஷமே எனக்கு விழுப்புரத்தில் பி.எஸ்சி. விலங்கியலில் இடம் கிடைத்தது. கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பா, பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அதில் எனக்குள்ள பெருமை இன்றைக்கும் குறையவில்லை. தொண்ணூற்று நான்கில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மலைக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் கை காட்டி நிறுத்திய ஒரு வண்டியில் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓட்டுகிறவர் கவுஸ் பாஷா என்று தெரிந்தது. தாடி நரைத்திருந்தது. வண்டிக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அப்போது நான் மீசை வைத்திருந்தேன். அந்த மெக்கானிக் என்ன ஆனார் என்று கேட்க வாய் வரவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், டீசல் வாடை ஜாஸ்தியாக அடிக்கிறது, காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு ஷெட்டின் முன் நிறுத்தினார்.

புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண் ஸ்பேனரோடு வெளியே வந்தார். பின்னாலேயே வேடியப்பன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண், அவர் மனைவி கொளஞ்சியம்மாள், பைப்புகளைத் துணியால் துடைத்துவிட்டுச் சலித்த சாம்பலைத் தூவினார். எங்கே ஒழுகுகிறதோ அங்கே சாம்பல் கறுக்கும். எங்கும் கறுக்கவில்லை. அப்படியானால் எஞ்சின் ஓடும்போது மட்டும் பீய்ச்சுகிறது, பிரஷர் பைப்பாகத்தான் இருக்கும் என்று வேடியப்பன் சொல்ல, பாய் எஞ்சினைப் போட்டார். டீசல் பீய்ச்சும் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு காகித அட்டையை எடுத்தார் கொளஞ்சியம்மாள்.

"அட்டய புடிச்சிப் பாரு. கைய கிட்ட கொண்டுபோவாத."

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி சொல்லுவ? ரெண்டு கையும் ஒட்டிக்கினுதான் இருக்குது, இந்தா பாத்துக்க."

கொளஞ்சியம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வேடியப்பன் ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பார்த்து முடிக்கும் வரை அவரும் விரித்தபடியே நின்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கும்போது அந்த ஷெட்டில் இறங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். 'வாத்தியாரு தம்பி வந்துட்டாரு' என்று டீ வாங்கிவருவார்கள். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்படியே எட்டு மாதம் போனது.

அந்த எட்டு மாதத்தில் அவர் கதை முழுதும் தெரிந்துகொண்டேன். டீசல் ஒழுகலுக்கென்றே மலை வண்டிகள் அவரைத் தேடி வந்திருக்கின்றன. மலைப்பாதையில் கல்லடித்து டேங்க் ஓட்டையானால் பார் சோப்பைப் பிசைந்து அடைத்து அனுப்புவார். சோப்பு தண்ணீரில் கரையும், டீசலில் கரையாது. பழைய காப்பர் வாஷரைக் கொளஞ்சியம்மாள் சமையல் அடுப்பிலேயே சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார். இளகிப் புதுசு மாதிரி உட்காரும். சோற்றில் டீசல் வாடை அடிக்குதென்று மனைவியும், அந்த டீசல்தான் சோறு போடுதென்று வேடியப்பனும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

மறியலுக்கு முந்தின சாயங்காலம் பாயின் வண்டி ஒழுகிக்கொண்டே மலையிலிருந்து இறங்கியது. விடிந்தால் சாலை அடைபடும், அதற்குள் சேலம் சேர வேண்டும் என்று பாய்க்கு அவசரம். விடிந்தால் மறியலில் போய் நிற்க வேண்டும் என்று வேடியப்பனுக்கும் அவசரம். அவரும் எங்களைப் போலக் கொடி பிடித்தவர்தான். அட்டை வைத்துப் பார்க்கிற பழக்கம் அப்போது அவருக்கு இல்லை. பன்னிரண்டு வருஷமாக விரலால் தடவியே கண்டுபிடித்தவர். எஞ்சின் ஓட ஓட மூன்றாவது பைப்பில் விரலை ஓட்டினார். எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். நட்டை முறுக்கி, ஒழுகலை நிறுத்திவிட்டுத்தான் விரலைப் பார்த்திருக்கிறார். அதற்குள் நேரமாகிவிட, இனி விடிவதற்குள் சேலம் சேர முடியாது என்று பாய் அங்கேயே தங்கிவிட்டார். விடிவதற்குள் விரல் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மரத்திலிருந்து திரும்பிப் போனவர் டிஞ்சர் வைத்துக் கட்டினார். நான் சொன்ன இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் முழங்கை வரை வீங்கியது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உடனே சேலம் போங்கள் என்றார். அதற்குள் சாலையில் இன்னும் நூறு மரம் விழுந்திருந்தது. நடக்கிற நிலையிலும் அவர் இல்லை. எட்டாம் நாள்தான் சேலம் போய்ச் சேர்ந்தார். முதலில் ஆள்காட்டி விரல், பத்து நாள் கழித்து நடுவிரல், அப்புறம் மோதிர விரலோடு பாதி உள்ளங்கை. ஊசி போட்ட மாதிரி டீசல் உள்ளே ஏறி எல்லாவற்றையும் அரித்துவிட்டது என்று அங்கே சொன்னார்களாம்.

நானும் சேலத்தில் ஒரு டாக்டரைத் தேடிப்போய்க் கேட்டேன். முதல் நாளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்றைக்கு விரலைப் பிடித்துப் பார்த்து முள் என்று சொன்னவன் நான்தான் என்று.

வேடியப்பன் தன் வலது கையைப் பார்த்தார். கொளஞ்சியம்மாள்தான் கேட்டார்.

"அன்னிக்கு நீங்க வழி வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒரு வெரலோட போயிருக்கும்க்கா. அது கூட தங்கியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பலகைமேல் வைத்துவிட்டு கொளஞ்சியம்மாள் உள்ளே போய்விட்டார்.

"நீ சொன்னதால மட்டும் திரும்பல தம்பி," என்றார் வேடியப்பன். "எனக்கும் அது முள்ளாவே இருக்கணும்னு இருந்துச்சி. பயந்துக்கினு இருக்கறவன்கிட்ட ஒண்ணுமில்லன்னு ஒருத்தன் சொன்னா, அவன் வாயில சக்கரதான் போடத் தோணும்."

பிறகு அவரே கேட்டார்.

"சீட்டு கெடச்சிச்சா ஒனக்கு?"

"கெடச்சிதுண்ணே."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டீ வரவில்லை.

அந்த ஷெட் அதற்கப்புறம் இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. பொம்பளை கை வைத்த பம்பை நம்பி மலை ஏற முடியாது என்று டிரைவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விடாமல் வந்துகொண்டிருந்தவர் கவுஸ் பாஷா மட்டும்தான். தொண்ணூற்றாறில் அவருடைய பிக்கப்பும் காயலான் கடைக்குப் போனது.

வேடியப்பனும் கொளஞ்சியம்மாளும் இப்போது மூங்கில்துறைப்பட்டில், கொளஞ்சியம்மாளின் அண்ணன் வீட்டை ஒட்டி ஒரு குடிசையில் இருக்கிறார்கள். கொளஞ்சியம்மாள் கரும்பு வெட்டப் போகிறார். வேடியப்பன் சர்க்கரை ஆலைக்கு வெளியே காத்துநிற்கும் கரும்பு வண்டி மாடுகளுக்கு இடது கையால் வாளி தூக்கித் தண்ணீர் காட்டுகிறார். நான் போனால் அவர் பேசுவார். கொளஞ்சியம்மாள் பேசுவதில்லை.