மூன்றாம் மாடி வார்டில் நான் செய்த சமாதானம்

வார்டு சிஸ்டர் வேலையில் நோயாளிகளால் பெரிய தொல்லை இல்லை. அவர்களைக் குணப்படுத்த வருகிறவர்களைச் சமாளிக்கத்தான் சம்பளம். நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

ஏழாம் கட்டில் தூதர்

கமலாவும் மேரியும் பினாங்கில் எங்கள் வார்டின் சீனியர் நர்ஸ்கள். மேரியின் மகனுக்குப் பள்ளியில் பரிசளிப்பு விழா. அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்வதாகச் சொன்ன கமலா, மறந்தே போனாள். மேரி விழாவுக்குப் போக முடியவில்லை. அதிலிருந்து மூன்று வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை.

நான் அப்போதுதான் இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி முடித்து, சான்றிதழோடு வந்திருந்தேன். 'கோபம் ஆற இடம் கொடுங்கள்' என்று அங்கே சொன்னார்கள். தாராளமாகக் கொடுத்தேன். அவர்களோ ஏழாம் கட்டில் ஆறுமுகம் அண்ணனை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். "அண்ணே, அவங்கள அந்த பிரஷர் மிஷினைக் கொடுக்கச் சொல்லுங்க." சுங்கை பினாங்கில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை ஏறிப் படுத்திருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், இந்த ரெண்டு மிஸ்ஸியும் பேச ஆரம்பிச்சா சொல்லுங்க லா, நான் வீட்டுக்குப் போறேன்."

இரண்டாவது ஊசி

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் போட்டது கமலா. அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுக்க, சார்ட்டில் கையெழுத்துப் போடாமல் ஓடினாள். சார்ட் காலியாக இருப்பதை மேரி பார்த்தாள். கமலா பத்தடி தூரத்தில்தான் நின்றாள். கேட்டால் கௌரவம் என்னாவது? இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இப்பதானே ஒண்ணு போட்டாங்க?" என்று அண்ணன் கையை இழுத்துக்கொண்டதால் தப்பித்தோம்.

இருவரையும் என் அறையில் உட்காரவைத்தேன். பயிற்சியில் கொடுத்த வண்ண அட்டைகளை எடுக்கவில்லை. சம்பவ அறிக்கையில் அவர்கள் பெயருக்கு மேலே, மூன்று வாரம் வேடிக்கை பார்த்ததாக என் பெயரை எழுதிக் காட்டினேன். கமலா அழுதாள். "உன் பையன் விழாவைக் கெடுத்துட்டு உன் முகத்தைப் பார்க்க வெக்கமா இருந்துச்சு, அதான் பேசல" என்றாள். மேரி சொன்னாள்: "ஸாரின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இன்சுலின் தேவைப்பட்டுச்சா?"

டாக்டரின் குரல்வளம்

அடுத்த வாரம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நவீன், ஒரு ரிப்போர்ட் வரவில்லை என்று கமலாவை நோயாளிகள் முன்னால் கத்தித் திட்டினார். ரிப்போர்ட் அவர் கையிலிருந்த ஃபைலிலேயே இருந்தது. அது அவ்வளவு முக்கியமில்லை போலும். அவரைத் தனியாக அழைத்து, "இங்கே யாருக்கும் காது கேட்காத வியாதி இல்லை டாக்டர், திட்டுவதென்றால் என் அறையில் திட்டுங்கள்" என்றேன். "நான் கத்தவில்லை, என் குரலே அப்படித்தான்" என்றார். அந்தக் குரல் பெரிய டாக்டர் முன்னால் மட்டும் எப்படி இறங்குகிறது என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் போய் கமலாவிடம் மெல்ல ஸாரி சொன்னார். அவ்வளவு மெல்லப் பேசவும் அவருக்கு வருகிறது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், மேரி அவர் முன்னால் வந்து நின்றாள்: "டாக்டர், கமலாவைத் திட்டறது என்னோட வேலை, நீங்க உங்க வேலையைப் பாருங்க."

இப்போது எங்கள் வார்டில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை, எல்லாரும் ஒற்றுமையாகச் சேர்ந்து என்னோடு போடுகிறார்கள். மேலிடம் இதைத்தான் தலைமைத்துவம் என்கிறது.