வேண்டுதல் முடி

என் மகன் படித்த பள்ளியின் டைரியில், மாணவர்களின் தலைமுடி காதையும் சட்டைக் காலரையும் தொடக் கூடாது என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு அடுத்த வரி, பட்டாசு கொண்டுவரக் கூடாது. செங்கல்பட்டில் அவனைச் சேர்த்த அன்று அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். முப்பத்தைந்து வயதிலேயே தலை காலியாகிவிட்ட எனக்கு முடி சம்பந்தப்பட்ட எந்தச் சட்டமும் அயல்நாட்டுச் சட்டம்தான்.

பத்தாம் வகுப்புக்குப் போனபோது அவன் முடி வளர்க்க ஆரம்பித்தான். அம்மாவின் முடி அவனுக்கு, அலை அலையாக வரும். அதுவரை கண்ணாடியைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பவன், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தொடங்கினான். அவனுக்குத் தன் முகம் பிடித்துப்போனது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளி வாசலில் திங்கட்கிழமைதோறும் பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோலுடன் நிற்பார். முழுதாக வெட்ட மாட்டார். காதுக்கு மேல் ஒரே ஒரு கொத்து. மீதியைச் சலூன்காரர் முடித்துவைத்தாக வேண்டும், வேறு வழி இருக்காது. நீளமுடிக்காரர்களுக்கு ஒரு வாரம் கெடு வைத்தார். என் மகன் விஷயத்தில் தலைமையாசிரியர் என்னை வரச் சொல்லியிருந்தார்.

நான் கிளம்பும்போது அவன் ஒன்றரைப் பக்க மனுவை என் கையில் கொடுத்தான். கீழே அவனுடையதோடு பதினொரு நண்பர்களின் கையெழுத்து. ‘பெண் பிள்ளைகள் நீளமாக முடி வைத்துக்கொண்டு எங்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள். எங்கள் முடியால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று சொன்னால் நாங்களே வெட்டிக்கொள்கிறோம். சொல்லாமல் வெட்டாதீர்கள்.’

“நீங்க குடுத்தா கேப்பாங்கப்பா. நீங்க பத்திரிகைல எழுதுறவரு. பசங்க எல்லாம் உங்களத்தான் நம்பிகினு கீறாங்க” என்றான்.

அலுவலக நேரம் போக, வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். அதிகாரிகளைக் கிண்டல் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, அவர்கள் எதிரில் இல்லாதபோது. பஸ்ஸில் அந்த மனுவை இரண்டு முறை படித்தேன். ஓரிடத்தில் விட்டுப்போன புள்ளியை வைத்தேன். அந்த மனுவுக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

தலைமையாசிரியர் டீ வரவழைத்தார். “உங்க கட்டுரைன்னா எங்க வூட்ல விடாம படிப்பாங்க சார்” என்றார். அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி, “பையன் புள்ளிங்கோ மாதிரி வர்றான்னு பி.டி. சார் சொல்றாரு. உங்க புள்ளைய யாராவது அப்படிச் சொன்னா எங்களுக்கே சங்கடமா இருக்கு பாருங்க” என்றார்.

எங்கள் குடும்பத்தில், அடுத்தவர் வயலில் இறங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கிருந்து வருகிறான் என்று என் தலையைப் பார்த்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எண்ணெய் வழிய வகிடெடுத்துப் பள்ளிக்கூடம் போனவன். குப்பத்துப் பையன் என்பதற்கு இன்றைய பெயரான அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் நாற்பத்தெட்டு வயது ஆள் ஐந்தாம் வகுப்பு பெஞ்சுக்குப் போய்விட்டேன். சட்டைப் பையில் இருந்த மனுவைக் கை தொட்டது. எடுக்கவில்லை.

அவரே வழி காட்டினார். “ஏதாவது வேண்டுதல் இருந்தா சொல்லிடுங்க சார். கோயிலுக்கு விட்ட முடின்னா நாங்க தொட மாட்டோம். ஒரு லெட்டர் போதும்.” வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

நானோ, கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புகளுக்குக் காவல் இருக்கிற வகை நாத்திகன். ஆனால் பேனா ஓடியது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வமாகிய அம்மனுக்கு, தை மாதத்தில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு பிசிறில்லாமல் எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில், “பேசிட்டேன், உன் முடிய யாரும் தொட மாட்டாங்க” என்று மட்டும் சொன்னேன். அவன் உடனே நண்பர்களுக்கெல்லாம் போன் செய்து, மனு ஜெயித்துவிட்டது என்று சொன்னான். அதை நான் தடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தவன் பையைக் கழற்றாமலே நின்றான்.

“பதினோரு பேருக்கும் வெட்டிட்டாரு. என்ன மட்டும், சாமி முடி, நீ உள்ள போன்னு சொல்லிட்டாரு. கேட்டுக்கு உள்ள நின்னு பாத்துகினு இருந்தேன்.” பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். “மனு குடுத்தீங்களாப்பா?”

தலைமையாசிரியர் அன்றைக்கு நல்ல மூடில் இல்லை என்றேன். அவர் எனக்கு இரண்டாவது டீ சொன்னவர்.

என் மனைவி சமையற்கட்டிலிருந்தே கேட்டாள். “இல்லாத வேண்டுதலுக்குப் புள்ள தலைய எழுதிக் குடுத்துட்டு வந்தீங்களா?”

அந்த வாரம் அவனை அழைத்துவரப் போனபோது பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் என் காதாலேயே கேட்டேன். தலை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பையன் அவனைப் பார்த்து, விபூதி வாங்குவதுபோல் கையைக் குவித்து நீட்டினான்.

“சாமி, துந்நூறு குடு சாமி.”

“வுட்றா மச்சான், நான் ஒண்ணும் சொல்லலடா அவங்களாண்ட” என்றான் என் மகன்.

“நீ இன்னாத்துக்குச் சொல்லணும்? உங்க நைனாக்குப் பேனா கீது. எங்க நைனாக்குப் பெயிண்ட் பிரஷ்ஷுதான் கீது. அவுரு வந்து லெட்டரா எழுதுவாரு?”

என்னைப் பார்த்ததும் அந்தப் பையன், “வணக்கம் அங்கிள்” என்றான். அந்த மரியாதைதான் அதிகம் வலித்தது.

மறுநாள் என் மகன் சலூனுக்குப் போகத் தயாரானான். அவர்களைப் போலவே வெட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தான். பி.டி. மாஸ்டர் காதுக்கு எட்டியிருக்கிறது. “வேண்டுதல் முடில கத்தரி படக் கூடாதுப்பா, தெய்வக் குத்தம்” என்று நல்ல மனத்தோடு தடுத்திருக்கிறார். என் கடிதம் அவனைக் கத்தரியிடமிருந்து காப்பாற்றியது, அவனே கேட்டபோதும்.

நான் மறுபடி போய் மனுவைக் கொடுக்கிறேன் என்றேன். இந்த முறை உண்மையாகவே சொன்னேன்.

“இப்ப குடுத்தா நீங்க எழுதுனது பொய்யின்னு தெரிஞ்சிடும்பா. உங்க பேரு கெட்டுப்பூடும். வுடுங்க” என்றான். பிறகு, “தை மாசம் வரைக்கும் வேணாம். இந்த ஞாயித்துக்கிழமையே இறக்கிடலாம்.”

ஸ்கூட்டரில் இருவரும் கடலோரம் போனோம். வழி முழுக்க அவன் முடி காற்றில் பறந்து என் பிடரியில் பட்டுக்கொண்டே வந்தது. கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் முடி இறக்குகிறவர் அவனைப் பலகையில் உட்காரவைத்துத் தலையை நனைத்தார். புது பிளேடைப் பொருத்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“இவ்ளோ சோக்கா வளத்து வச்சிகீற. இன்னா வேண்டுதல் தம்பி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். “அப்பாவுக்காகண்ணா.”

அவர் கையை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒடம்பு செரியில்லியா சார்? கவலப்படாதீங்க. புள்ள தலைய குடுக்குறான், ஆத்தா கை வுட மாட்டா.”

“ஆமாங்க” என்றேன்.

அலை அலையாகத்தான் விழுந்தது. அவன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். ஒரு முறையாவது நிமிர்ந்து என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். கடலில் முழுக்குப் போட்டபோது பிளேடு கீறிய இடங்களில் உப்புநீர் பட்டு எரிந்திருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை. கரையில் மாங்காய் விற்ற அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, “அப்பனும் புள்ளையும் ஒண்ணா மொட்டையா, நல்ல ஐதீகம்” என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

பதினொரு பேரில் ஒருவனும் அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு கிடக்கும்.

பரீட்சை முடிவு வந்ததும், பிளஸ் ஒன்னுக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்குப் போகிறேன், தினமும் ரயிலில் போய்வந்துவிடுவேன் என்றான். மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவனே எழுதினான். பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று போட்டான். யோசிக்கவே இல்லை.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் முதுகில் தட்டினார். “தங்கமான புள்ளையா மாறிட்டான் சார். அந்த மொட்டைக்கு அப்புறம் ஒரு எதிர்க்கேள்வி கிடையாது, ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது.”

“ரொம்ப நன்றி சார்” என்றேன்.

“நன்றி சார்” என்று அவனும் சொன்னான். என்னைவிடப் பணிவாகச் சொன்னான்.