எனக்கு மட்டும் தனிக் கிண்ணம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது இது.

முதலிலேயே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. தாய்லாந்து எல்லையில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேட்டதற்கு மேல் பதில் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அங்கே நான் படித்த பாடம். இப்போது சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் குடியிருக்கிறேன். வேலை போனாலும் புத்தி போகவில்லை. யான் கடற்கரையிலிருந்து இன்று காலை வந்த மீன் என்று மீன்காரர் சத்தியமே செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. என் தாத்தாவின் அப்பாவை வீட்டில் பூட்டன் என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் காலத்தில் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது அலுவலகக் கணக்கராக இருந்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அங்கங்கே நிலமாக வாங்கிப் போட்டார். அதில் ஒரு நிலம் மட்டும் வேறு கைக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே கதைதான். தோட்டத்துக்காரி ஒருத்தி சாப்பாட்டில் மருந்து வைத்து, பூட்டனை மயக்கி, எழுதி வாங்கிக்கொண்டாள் என்பதுதான் அது. அம்மா இதை முழுதாக நம்பினார். "செராய்ப் பக்கம் ஆர் வீட்டிலையும் கை நனைச்சுப்போடாதை" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்.

அந்த நிலத்தை இப்போது ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கப்போகிறது என்று பினாங்கிலிருக்கும் என் அண்ணனுக்குச் செய்தி வந்தது. அவர் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். விற்பனை முடிவதற்குள் கேவியட் போட்டுவிட வேண்டும் என்றார். நிலத்தில் எங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று மனுப் போட்டு, வழக்கு தீரும்வரை யாரும் கைமாற்ற முடியாதபடி அதை முடக்கிவைப்பது. பூட்டனின் வாரிசுகளில் நாட்டில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். என் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

அண்ணன் சும்மா பேசுகிறவர் இல்லை. எங்கெங்கோ அலைந்து பத்திரங்களின் நகல்களை எடுத்து அனுப்பினார். நிலம் கைமாறிய பத்திரம் ஜாவியில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாயில் இருந்தது. என்னோடு வேலை பார்த்த மலாய்த் தோழியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். கொடுத்தவர் பூட்டன். வாங்கியவள் ஒரு பெண். அவள் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. தகப்பன் பெயர் இல்லை. விலை எவ்வளவு என்று கேட்டேன். தோழி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "விலையே இல்லை, அன்பின் பேரில் கொடுத்தது என்றுதான் போட்டிருக்கிறது" என்றாள். ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குக் கஞ்சக் கிராணி அன்பின் பேரில் நிலம் கொடுத்தாராம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கோயில் கல்யாணப் பதிவு ஒன்றும் இருந்தது. அதே பெண்ணுக்கு, அதே மாதத்தில், பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் பால் எடுக்கும் ஒருவரோடு கல்யாணம். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் கிழவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார் அண்ணன். கடைசியாகப் பூட்டனின் உயில். இருந்ததையெல்லாம் மூன்று மகன்களுக்கும் பிரித்து எழுதியிருந்தார். அந்த நிலத்தைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

இருந்தாலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் முத்திரை குத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டு ஆட்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரே? அங்கை போய் என்ன செய்யப்போறாய்?" என்று அண்ணன் கத்தினார்.

பாடாங் செராய்க் கோயிலில் விசாரித்து அவர்கள் வீட்டு எண்ணை வாங்கிப் போன் செய்தேன். வயதான ஒரு பெண்மணி எடுத்தார். நிலத்தை விற்கப்போகிறவரே அவர்தான், பத்திரத்தில் இருந்த பெண்ணின் கடைசி மகள் என்று பிறகு தெரிந்தது. பழைய தோட்டங்களைப் பற்றி எழுதுகிறேன், வந்து பேசலாமா என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "பழைய தோட்டமா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பிறகு, "வர்ற வியாழக்கிழமை காலையில வாங்கம்மா. அதுக்கு முன்னாடி வேணாம்" என்றார்.

ஏன் வியாழக்கிழமை? ஓய்வாக வீட்டில் இருக்கிற கிழவிக்கு நாள் பார்க்க என்ன இருக்கிறது? அண்ணனிடம் சொன்னேன். "பாத்தியோ, டைம் எடுக்கினம். லோயரைப் பிடிக்கப் போகினம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வியாழக்கிழமை போனேன். பழைய பலகை வீடு. முன்பக்கத்தை மட்டும் கல்லால் எடுத்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் ரம்புத்தான் மரம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா வாசலுக்கே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பயணிகளைப் பார்ப்பது போலவே பார்த்தார். உள்ளே அவருடைய மகனும் மருமகளும் இருந்தார்கள்.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அதுவும் அளந்து அளந்து. நிலம் எப்படி வந்தது என்று கேட்டேன். "அம்மாவோடது" என்றார். அம்மாவுக்கு எப்படி வந்தது என்றேன். "குடுத்தாங்க" என்றார். இவருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மருமகள் அடுப்படியிலிருந்து பானையோடு வந்தார். அவர்கள் மூவருக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். எனக்கு மட்டும் அந்த அம்மா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, ஓரம் பெயர்ந்த பழைய எனாமல் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்தார். அதைத் துடைத்து, அதில் ஊற்றச் சொன்னார்.

நான் கிண்ணத்தைக் கையில் எடுக்கவில்லை. ஒரே பானைதான். ஆனால் கிண்ணம் ஏன் வேறு? சரக்கில் ஒன்றும் இருக்காது, பெட்டியின் அடியில்தான் இருக்கும் என்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இத்தனை படித்து, இத்தனை வயதான பிறகு, மருந்து வைத்துவிட்டார்கள் என்று நான் நடுங்கினேன் என்றால் நம்புவீர்களா? நடுங்கினேன். அம்மாவின் குரல் காதில் கேட்டது.

"கூழு குடிங்க" என்றார் அந்த அம்மா.

குனிந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம் அக்கா. எனக்கு இனிப்பு நீர், டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்" என்றேன். சர்க்கரை வியாதி என்று வாயில் வந்த ஒரு சாக்கு.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க ஆளுங்க வீட்ல கூழுன்னா உப்பு போட்டு, வெங்காயத்த கடிச்சிக்கிட்டு குடிக்கிறது. மாரியம்மன் கோயில்ல ஊத்துறதும் அதான். இது இனிப்புக் கூழுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க இன்னும் வாயிலயே வைக்கலயே லா."

கேட்டதற்கு மேல் பதில் சொன்னது நான்தான். அப்போதுதான் கிண்ணத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தேங்காய்ப்பாலும் பழுப்பு வெல்லமும் கலந்த நிறம். வறுத்த பயறு, மெல்லிசாகச் சீவிய தேங்காய்ச் சொட்டு, விரலால் தட்டிப் போட்ட மாவு வட்டங்கள். ஒரு வாசனை. அது என் அம்மாவின் அடுப்படி வாசனை. அன்று ஆடிப் பிறப்பு, ஆடி மாதத்தின் முதல் நாள். யாழ்ப்பாணத்தார் வீடுகளில் மட்டும் அன்றைக்குக் காய்ச்சும் கூழ் அது. அம்மா போன பிறகு நான் காய்ச்சியதே இல்லை. பார்த்த கண் கண்டுகொண்டது, வாய் உளறிவிட்டது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

"இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். என்னை அறியாமலே எங்கள் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எங்கம்மா. அவங்களுக்கு அவங்கப்பா." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, "கிராணி" என்றார்.

அதன் பிறகு அவராகவே சொன்னார். தோட்டத்தில் தனியாக இருந்த காலத்தில் கிராணிக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கும் பிறந்தவர் இவருடைய அம்மா. பிறகு கிராணி யாழ்ப்பாணம் போய் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டு வந்தார். வந்த பிறகு இவர்கள் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஆடி பிறக்கும் அன்று மட்டும் வருவாராம். பனங்கட்டி கிடைக்காததால் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லத்தை வாங்கி வந்து, தானே அடுப்பில் நின்று கூழ் காய்ச்சி, மகளுக்கு ஊட்டிவிட்டுப் போவாராம். மகளுக்குக் கல்யாணம் ஆன மாதத்தில் அந்த நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"இந்தக் கிண்ணம் அவரு குடிச்சது. அவரு செத்தப்புறமும் அம்மா இதுல ஊத்தி எடுத்து வைப்பாங்க. அவரு வீட்டு ஆளுங்க யாராச்சும் ஒரு நாள் வருவாங்கன்னு சொல்லுவாங்க. அம்மா போனப்புறம் நான் வைக்கிறேன். யாரும் வரல. சாயங்காலம் நாங்களே குடிச்சிடுவோம்."

"நான் அவரின்ரை ஆள் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன்ல 'ஓம்'னு சொன்னீங்கல்ல. ஆனா சிலோன்காரங்க எத்தன பேரு இருக்காங்க. புரோக்கரு அனுப்புன ஆளாக்கூட இருக்கலாம். அதான் இன்னிக்கு வரச்சொன்னேன். கூழப் பாத்ததும் உங்க மூஞ்சி என்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு."

எல்லையில் அத்தனை வருஷம் நின்ற என்னை ஒரு கிண்ணத்தை வைத்துச் சோதித்து முடித்திருந்தார்.

"நிலத்துக்குத்தானே வந்தீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஓம்" என்றேன். அவர் தலையாட்டினார்.

"வித்துப் புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு வீடு வாங்கிக் குடுக்கணும். அது எங்கம்மாவோடது, குடுக்கமாட்டேன்" என்றார். பிறகு ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மூணு தாய்மாமன். மூணு பேரும் இங்க பக்கத்து டவுன்லதான் இருந்தாங்க. எனக்குச் சடங்கு வச்சப்போ மாமன் சீர் தூக்க ஆளில்ல. தோட்டத்துல வேலை வாங்குற மண்டோரு வந்து பொடவ குடுத்தாரு. அம்மா அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல."

அந்த மூன்று தாய்மாமன்களில் மூத்தவர் என் தாத்தா, அப்பாவின் அப்பா. அதை அவரிடம் சொன்னேன். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன். மறுபடியும் ஊற்றச் சொல்லிக் குடித்தேன். இனிப்பு நீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"வரேன் அக்கா" என்று எழுந்தபோது அவர் விரல் விட்டு முறை பார்த்தார். "உங்கப்பா எனக்கு மாமன் மகன். அப்ப நான் உனக்கு அக்கா இல்ல லா, பெரியம்மா." நீங்கள் என்பது நீயாகிவிட்டது.

காரில் ஏறியும் வண்டியை எடுக்க முடியவில்லை. அந்த உயில் மனதைக் குடைந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவவெல்லோ, அவவின்ரை பேர் உயிலில இருக்குதோ?"

"இல்லை. அவவுக்குத்தான் கலியாணத்திலேயே அலோர் ஸ்டார் வீட்டைச் சீதனமாக் குடுத்தாச்சே. சீதனம் வாங்கின பொம்பிளைப் பிள்ளையின்ரை பேர் பிறகு ஏன் உயிலில வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அண்ணனுக்கே உறைத்தது போலிருந்தது. எங்கள் ஆட்கள் பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கல்யாணத்தோடு நிலமோ வீடோ கொடுத்துவிட்டால் அவள் பங்கு தீர்ந்தது, உயிலில் மகன்கள் மட்டும்தான் வருவார்கள். எங்கள் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம். அந்தக் காகிதங்களை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் திருட்டைத் தேடினோம். கல்யாண மாதத்தில் விலையில்லாமல் கொடுத்த நிலம் வேறென்னவாக இருக்க முடியும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தோட்டத்துக்காரி என்று கேட்டதுமே மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போய்விட்டது.

நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். கூழ் கோர்ட்டில் சாட்சி சொல்லாது என்றார். எரிந்து விழுந்தார். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். போனை வைக்கப்போகையில், "பயறு போட்டிருந்துதோ?" என்று கேட்டார்.

"வறுத்துப் போட்டிருந்துது" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அண்ணன் தனியாகவே கேவியட் போட்டிருக்கலாம். போடவில்லை. நிலம் விற்று, பெரியம்மாவின் பிள்ளைகள் வீடு வாங்கிவிட்டார்கள். அடுத்த ஆடிக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். மாமன் வீட்டுச் சீர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். அண்ணன் இன்னும் அங்கே வந்ததில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்கும் கூழை மட்டும் மிச்சம் வைக்காமல் குடிக்கிறார்.

மீன்காரரை நான் இன்னும் நம்புவதில்லை. ஆனால், நாங்கள் திருடி என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அந்த வீட்டில் எங்களுக்காக ஒரு கிண்ணம் எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.