சின்ன அப்போலோவின் மீசை

எங்கள் அருங்காட்சியகத்தில் அவர் எல்லோருக்கும் பசை அக்கா. செத்த பட்டாம்பூச்சிகளை ஈரத்தில் இளக்கி, பலகையில் சிறகு விரித்து, ஊசி குத்துவது அவர் வேலை. பக்கத்து மேசையில் பெயர்ச்சீட்டு எழுதுவது நான். மீசை, அதாவது தலையிலுள்ள உணர்கொம்பு, ஒடிந்து வரும் பூச்சிக்கு, உதிரி டப்பாவிலிருந்து வேறொன்றின் மீசையை எடுத்து ஒட்டிவிடுவார். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியாது.

"மாப்பிள்ளைக்கு டோப்பா வைக்கிற மாதிரி இருக்குக்கா" என்று கிண்டல் செய்வேன்.

"மொட்டையா நின்னா யாரு பார்ப்பாங்க?" என்பார்.

பூச்சிகளைப் பிடித்து வருவது அவர் வீட்டுக்காரர். ஒரு தடவை மலையிலிருந்து அவருடைய மட்டக்குதிரை மட்டும் பையோடு இறங்கி வந்தது. பையில் பூச்சிகளைக் காகிதத்தில் மடித்து வைத்த பொட்டலங்கள் வழக்கம்போல அக்காவின் மேசைக்கு வந்தன. ஆளைக் காணோம் என்று அவரிடம் சொல்ல அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியாகப் பிடித்த ஒரு வெள்ளைப் பூச்சிக்கு மீசை இல்லை. கைப்பழக்கத்தில் ஒட்டிவைத்தார்.

மறுநாள் ஆளைக் காணோம் என்பதைச் சொல்லிவிட்டோம். தேடும் இடத்தை அந்தப் பூச்சியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த வெள்ளைப் பூச்சிக்கு அப்போலோ என்று பெயர். எங்கள் மலையில் அதில் இரண்டு வகை. இரண்டுக்கும் ஓரத்தில் கண்ணாடியாகும் வெள்ளைச் சிறகு, பின்சிறகில் கறுப்பு வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு. பெரியது கீழே புல்வெளியில் பறக்கும். மீசை வெளிறிய சாம்பல். சின்னது மேலே, பனி உருகி ஓடும் கற்களுக்கு நடுவே. மீசையில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தெரியும். முன்சிறகிலும் சிவப்பு இருந்தால் சின்னது. ஆனால் சிலவற்றில் அது இருக்காது, இதிலும் இல்லை. அருங்காட்சியகக் காப்பாளர் லென்ஸை வைத்து மீசையைப் பார்த்தார். "பெரியதுதான். புல்வெளியில தேடச் சொல்லுங்க" என்றார்.

குதிரை இறங்கி வந்த நாளிலிருந்து அந்த வாரம் முழுக்க மலையில் மழையும் மேகமும். ஒரே ஒரு நாள் வெயில் அடித்தது. அன்றும் புல்வெளியைத்தான் சல்லடை போட்டுத் தேடினார்கள்.

அவர்கள் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் மீசையை வைத்து இடம் முடிவு செய்த விஷயம் அக்காவின் காதுக்கு எட்டியது. "அந்த மீசை நான் ஒட்டினது" என்று காப்பாளர் அறைக்கு ஓடினார். உடனே மேலே போனார்கள். பனியோரத்தில், கால் ஒடிந்து, பாறையடியில் அவர் வீட்டுக்காரர் உயிரில்லாமல் கிடந்தார். வலை கையிலேயே இருந்தது.

அக்காவுக்கு வேண்டியது ஒரே பதில். கீழே தேடியபோது அவர் உயிரோடு இருந்தாரா?

"விழுந்த அன்னிக்கே போயிருப்பாரும்மா" என்றார் தேடிப் போன காவலர். நாங்களும் ஆமாம் சாமி போட்டோம். இறந்தவரின் சட்டைப்பையில் இருந்ததைக் காவலர் மேசைமேல் வைத்தார்: கைக்கடிகாரம், சிகரெட் அட்டைத் தாளில் மடித்த ஒரு பொட்டலம். அக்கா பிரித்தார். உள்ளே சின்ன அப்போலோ. இரண்டு மீசையும் முழுசாக, பட்டை பட்டையாக.

"காகிதமெல்லாம் குதிரையோட வந்துடுச்சு. அதான் இதுல மடிச்சிருக்காரு" என்றார் அக்கா காவலரிடம், அழாமல். "வெயில் இல்லாம இது பறக்காது தம்பி. வெயில் அடிச்சது நீங்க கீழ தேடின அந்த ஒரு நாள்தானே."

காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மழை நாளில் அக்கா பழையபடி பேசுவார், என் கிண்டலுக்குச் சிரிக்கவும் செய்வார். வெயில் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் போய் மலையைப் பார்த்து நிற்பார். கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது.