டேப் படாத கழுத்து

“கழுத்துக்கு டேப் வைக்கிறவனெல்லாம் ஒரு டெய்லரா? நமக்குப் பார்த்தாலே போதும்!” என்று அறிவித்துவிட்டு, சட்டை தைக்க வந்தவரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார் டெய்லர். தோள், மார்பு, கை எல்லாவற்றுக்கும் டேப் உண்டு. கழுத்துக்கு மட்டும் ஒற்றைக் கண்ணை மூடி ஒரு பார்வை. “பதினாலே முக்கால். எழுதிக்க!”

எழுதிக்கொள்பவர், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காலர்கூடத் திரும்பி வந்ததில்லை என்பது டெய்லரின் வாக்குமூலம். வந்தவற்றை அந்த அம்மாள் சத்தமில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவது தனிக்கதை.

அந்த வட்டாரத்தில் கழுத்துகளை நம்ப முடியாது. மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு. தைராய்டு வீங்கி, போன வருடம் பூட்டிய பொத்தான் இந்த வருடம் எட்டாது. இதையெல்லாம் விளக்கிச் சொன்ன சுகாதார நர்ஸ், கடைச் சுவரில் ஒரு படத்தையும் ஒட்டிவிட்டுப் போனார். அன்றோடு டெய்லர் பாதி டாக்டர் ஆனார். மீதிப் பாதியைத் தாமே சேர்த்துக்கொண்டார்.

“என்னண்ணே, கழுத்து அரை இஞ்ச் ஏறியிருக்கு?” என்பார் பஸ் டிரைவரிடம்.

“கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன் தம்பி.”

“வெயிட்டு வயித்த விட்டுட்டுக் கழுத்துலயா வந்து ஒக்காரும்? மொதல்ல ரத்தத்த டெஸ்டுக்குக் குடுத்துப் பாருங்க. வீட்ல அயோடின் உப்பு வாங்குங்க. டாக்டர் சீட்டக் காட்டுனாத்தான் சட்ட!”

இப்படி விரட்டப்பட்டவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் இப்போது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார்கள்.

வீட்டுக்குள் சட்டம் வேறு. “பாக்கெட் உப்புல ருசியே இல்லடி” என்று மூட்டையில் அள்ளிய கல்லுப்புதான் அங்கே. தம் சட்டைகளில் கழுத்துப் பொத்தானை அவர் பூட்டுவதே இல்லை. முதலில் காற்றோட்டத்துக்காக என்றார். பிறகு சோப்பு சரியில்லை, காலர் சுருங்கிவிட்டது என்றார். சோற்றை விழுங்க அவர் வாய்க்கு வாய் தண்ணீர் தேடுவதைப் பார்த்து மனைவி, “ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்களேன்” என்றால், “தெனம் ஷேவ் பண்றேன், எங் கழுத்து எனக்குத் தெரியாதா?” என்பார்.

நேற்று மதியம் கட்டிங் மேசையில் கண் அயர்ந்து எழுந்தவரிடம் மனைவி ஒரு நூல் துண்டை நீட்டினார். “நம்ம கஸ்டமர் ஒருத்தரோட கழுத்து. ரெண்டு வருஷம் முந்தி பதினஞ்சு.”

“நூல்லயா அளவெடுப்பாங்க?”

“டேப்பு உங்க தோள விட்டு எறங்குனாத்தானே!”

நூலை இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தவர் துள்ளி எழுந்தார். “பதினாறரை! ஏண்டி, இந்தாளு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்ல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா, இல்லையா? சொல்ல மாட்டாளா?”

“இருக்கா. மூணு மாசமா தொண்டத் தண்ணி வத்தச் சொல்றா. அவரு சோப்பு மேல பழி போடறாரு.”

டெய்லர் கண்ணாடி முன் போய் நின்றார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருடமாக எந்தக் கழுத்தையும் அளக்காமல் தோளின் இருபுறமும் தொங்கிக்கொண்டிருந்த டேப்பின் முனைகளைப் பிடித்துத் தொண்டைக்குழிக்கு மேல் மெல்லச் சேர்த்தார். எண்ணைப் படிக்க வசதியாக முகவாயைத் தூக்கி, மனைவி பக்கம் திரும்பி நின்றார்.